கல்லடிப் பாலத்தருகே ஓட்டோவை நிறுத்திய ஐயாவுக்கு

வில்லியம் ஓல்ட் போதகர் 1814இல் மெதடிஸ்த ஊழியத்தைத் தொடங்கிய மட்டக்களப்பில், ஒரே குருவானவர் பல ஆலயங்களைக் கவனிக்கும் எங்கள் சேகரத்தில், சில ஞாயிறு ஆராதனைகளைக் குருப்பட்டம் பெறாத எம்போன்ற பிரசங்கிமாரே நடத்துகிறோம். எனது முதல் பிரசங்கத்தன்று பஸ் வண்டி பழுதடைந்துவிட, மாரி மழையில் நனைந்தபடி பாலத்தருகே நின்றேன்.

ஐயா, கேளாமலே என்னை ஏற்றிச் சென்ற நீங்கள், ஆலய வாசலில் மை கரைந்த என் மூன்று தாள்களையும் உங்கள் துவாயால் மெல்ல ஒற்றி, ஒட்டிக்கொண்ட ஓரங்களை நகத்தால் பிரித்து, பின்னிருக்கையில் வரிசையாகப் பரப்பி வைத்தீர்கள். நெற்றியில் திருநீறு துலங்க, ஆராதனை முடியும்வரை அங்கேயே காத்தும் நின்றீர்கள். கூலி வாங்கவும் மறுத்துவிட்டீர்கள். பெயரைக் கேட்கத் தவறிய என் நன்றி, இதை வாசிக்கும் யாராவது ஒருவர் வழியாகவேனும் உங்களைச் சேரட்டும்.