பேரை வெட்டுவது பற்றி தேவாவுக்கு

ஈரோடு

அன்புள்ள தேவா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மஞ்சள் வேகவைத்துக் காயப்போடுகிற வேலை முடிந்து இன்றைக்குத்தான் உட்கார முடிந்தது. விலையைப் பற்றிக் கேட்காதே, ஆரம்பித்தால் கடிதம் வேறு பக்கம் போய்விடும்.

சரி, சபையிலிருந்து பேரை வெட்டிவிடலாமா என்று கேட்டிருந்தாய். ஜெர்மனியில் உன் ஸ்டுட்கார்ட்டில் வருமான வரித் தொகையில் 8 சதவீதத்தை சர்ச் வரியாகப் பிடிக்கிறார்கள், பிறப்பு இறப்பு பதிகிற ஆபீசில் கையெழுத்துப் போட்டால் நின்றுவிடும் என்று படித்ததும் சிரிப்புத்தான் வந்தது. ஞானஸ்நானத்துக்கு ஆயர் வேண்டும், விலக குமாஸ்தா போதும்! அப்புறம் 2022ல் மட்டும் ஜெர்மனி முழுக்க 5 லட்சத்துக்கு மேல் கத்தோலிக்கர்கள் அப்படி விலகினார்கள், அந்த வருஷம் கத்தோலிக்கம், புராட்டஸ்டண்ட் என்று இரண்டு பெரிய சபைகளையும் சேர்த்தாலும் ஜனத்தொகையில் பாதி தேறவில்லை என்று தெரிந்தபோது சிரிப்பு போய்விட்டது.

நம் ஈரோட்டு பிரப் ரோட்டுக்குப் பேர் தந்த பாதிரியார் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்தவர். அந்த நாட்டில் 2016ல் கிறிஸ்தவர்கள் 52.1 சதவீதம், 2021ல் 43.9. மனுஷன் இன்று இருந்தால் சொந்த ஊரிலேயே வேலை கிடைத்திருக்கும்.

நாம் மட்டும் யோக்கியமா? இங்கே பேர் வெட்ட ஆபீஸ் இல்லை, அதனால் கணக்கு குறைவதில்லை, அவ்வளவுதான். கல்லறையில் இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று சந்தா மட்டும் தவறாமல் கட்டுகிற ஆட்கள் எத்தனை பேர்! என் வீட்டையே பாரேன். அப்பா இருந்தவரை ராத்திரி சோறு போடும் முன் பாய் விரித்துக் குடும்ப ஜெபம் நடக்கும், நீ கூடப் பசியில் நெளிந்துகொண்டு ஆமென் எப்போது வரும் என்று உட்கார்ந்திருப்பாயே. அது எந்த நாளில் நின்றது என்று எனக்கும் நினைவில்லை, வீட்டுக்காரிக்கும் நினைவில்லை. கடவுள் இல்லை என்று யாரும் வந்து வாதாடி ஜெயிக்கவில்லை. பையனுக்கு டியூஷன், எனக்குத் தோட்டத்தில் கரண்டு வருகிற நேரம், ஒருநாள் விட்டது, அப்படியே விட்டுப்போனது. போன மாசம் 23ஆம் சங்கீதம் சொல்லுடா என்றேன், போனை எடுத்துத் தேடினான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அதனால் வரிக்காக வெட்டுவதென்றால் வெட்டிக்கொள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். எனக்கு உறுத்தியது வேறு. ஆராதனைக்குப் போய் மூன்று வருஷமாயிற்று என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, வரிக்கு முழுசாக ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய்.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் உன் பேரில் ஒரு பூவன் தார் எடுத்தேன், 1,200 ரூபாய். பணம் அனுப்பாதே, வரும்போது கையில் கொடு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பால்ராஜ்