ஹாசல்பெக்கும் யாழினியும்

பெல்வியூ

அன்புள்ள கோமு,

உன் மெயில்களுக்குப் பதிலே போடாமல் இருந்ததற்கு மொத்தமாகத் திட்டித் தீர்த்துவிட்டு மேலே படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். ரவிக்கு வழக்கம்போல முதுகுவலி. சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பெண் யாழினி ரெஃபரி ஆகிவிட்டாள்.

சிரிக்காதே. சனிக்கிழமை காலையில் பொடிப் பையன்கள் ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால் மேட்சுக்குக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, விசில், இடுப்பில் மஞ்சள் கொடி சகிதம் கிளம்பிவிடுகிறாள். கொடி என்றால் யாராவது விதியை மீறும்போது எறிகிற கைக்குட்டை அளவுத் துணிதான். எறிந்தால் தூரமாகப் போய் விழ உள்ளே கனமாக எதையோ வைத்துத் தைத்திருக்கிறார்கள். எறிந்து பழகுவதெல்லாம் என் சமையலறையில். போன வாரம் ரசத்தில் விழுந்தது.

விதிப்புத்தகம் வீட்டுக்குள் வந்த அன்றைக்கே நான் கேட்ட முதல் கேள்வி என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிட்ஸ்பர்க் போய் ஸ்டீலர்ஸ் அணிக்காக மஞ்சள் துண்டு சுழற்ற ஆரம்பித்த பிறகு உனக்கு ஞாபகமறதி வந்துவிட்டதே, அதனால் சொல்கிறேன்: அன்றைக்கு ஹாசல்பெக் மேல் போட்ட கொடி சரியா?

2006 பிப்ரவரி 5, டெட்ராய்ட், சூப்பர் பவுல் இறுதிப் போட்டி. உன் ரெட்மண்ட் வீட்டு டிவி. கடைசி குவார்ட்டர், ஸ்டீலர்ஸ் 14, நாம் (அப்போது நீயும் சியாட்டில் சீஹாக்ஸ் பக்கம்தான்) 10. நம் ஸ்டீவன்ஸ் பந்தைப் பிடித்து, கோல் கோட்டுக்கு ஒரு யார்டு முன்னால் விழுந்தான், நாம் சோபா மேல் ஏறிக் குதித்தோம். நம் லாக்லியர் எதிராளியைப் பிடித்து நிறுத்தினான், அதாவது ஹோல்டிங், என்று கொடி. பிடித்தது செல்லாது என்றார்கள். கொஞ்ச நேரத்தில் நம் குவார்ட்டர்பேக் ஹாசல்பெக் எறிந்த பந்தை ஸ்டீலர்ஸின் ஐக் டெய்லர் லபக்கென்று பிடித்துக்கொண்டு ஓடினான். தான் தொலைத்ததைத் தானே மீட்கப் பார்த்தான் ஹாசல்பெக். தாழப் பாய்ந்து டெய்லரின் காலை வாரினான், டெய்லரும் விழுந்தான். அதற்குப் போய்க் கொடி! இடுப்புக்குக் கீழே பிளாக் செய்தானாம், 15 யார்டு அபராதமாம். பந்தோடு ஓடுகிறவனை வீழ்த்தினால் அது டேக்கிள், பந்து இல்லாதவனை மறித்து இடித்தால்தானே பிளாக்? திருடனைத் துரத்திப் பிடித்தவன் மேலேயே கேஸ் எழுதிய கதை. ஸ்டீலர்ஸின் 29 யார்டு கோட்டில் நிற்க வேண்டிய பந்து 44க்குப் போனது. அங்கிருந்து நாலாவது தடவை பந்தை எடுத்து ஆடியபோது அவர்களுடைய ராண்டல் எல் (பந்து எறிவது அவன் வேலையே இல்லை) வார்டுக்கு 43 யார்டு தூக்கிப் போட்டான். 21–10. ரிமோட்டைச் சுவரில் எறிந்தது நீ. நான் இல்லை.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். நம் ஜாஷ் பிரவுன் உதைத்த இரண்டு ஃபீல்ட் கோலைக் கோட்டைவிட்டதும், உங்கள் பார்க்கர் 75 யார்டு ஓடியதும் ரெஃபரியாலா என்பாய். இல்லைதான். ஆனால் உங்கள் குவார்ட்டர்பேக் ராத்லிஸ்பர்கர் 21 பாஸில் ஒன்பதுதான் ஒழுங்காகப் போட்டான், கோப்பையையும் தூக்கிக்கொண்டு போனான். அரவிந்த் அதை ஒரு நாளாவது வாய்விட்டு ஒத்துக்கொண்டிருக்கிறாரா?

யாழினி அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். தப்பான முடிவுதான் என்று என் பக்கம் தீர்ப்புச் சொன்னாள். நான் ஜெயித்த மிதப்பில் இருக்கும்போதே, "கொடி போட்டவருக்கு என்ன தெரிஞ்சிருக்கும்னு யோசிச்சியாம்மா?" என்றாள். பந்து கைமாறியதும் அத்தனை பேரும் சட்டென்று எதிர்த்திசையில் திரும்பி ஓடுகிறார்கள். ஓடுகிறவனுக்குப் பாதுகாப்பாக இன்னொருவன் வருகிறான். நடுவில் ஒருவன் தாழப் பாய்கிறான். அவன் யார் காலில் பட்டான்? நமக்கு மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். அவர்களுக்கு ஒரே தடவை, அதுவும் ஓடிக்கொண்டே. வீடியோ பார்த்து அந்த அபராதத்தை ரத்து செய்ய அன்றைய விதியில் இடமும் இல்லை.

இதைக் கேட்டும் என் மனசு இளகவில்லை. போன மாதம் நடந்ததுதான் வேறு.

மழை. பத்து வயசுப் பசங்கள். ஒருத்தன் முதுகில் தள்ளினான் என்று கொடி போட்டாள், டச்டவுன் ரத்து. யாரோ ஒரு பையனின் அப்பா மேட்ச் முடிந்தும் விடாமல் கார் நிறுத்துமிடம் வரைக்கும் கத்திக்கொண்டே பின்னால் வந்தார். அவளுக்குப் பதினாறு வயசு, கோமு. ரவி இறங்கப் போனார். "அப்பா, நீங்க காரிலேயே இருங்க" என்றாள். அழவில்லை. சாண்ட்விச்சை முழுசாகச் சாப்பிட்டாள். ராத்திரி வெகுநேரம் அவள் அறையில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால், "அது நிஜமாவே முதுகுலதானே தள்ளினான்? நீ பார்த்தியாம்மா?" என்கிறாள். நான் எங்கே பார்த்தேன்? நான் அவளையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத் தூக்கம் வராமல் படுத்திருந்தபோது அந்த சூப்பர் பவுலின் ரெஃபரி லீவி ஞாபகம் வந்தது. 2010 ஆகஸ்டில் சீஹாக்ஸ் பயிற்சி முகாமுக்குப் புது விதிகளை விளக்க வந்தவர், தானாகவே அந்தப் பேச்சை எடுத்தாரே. கடைசி குவார்ட்டரில் இரண்டு முடிவு தப்பு, ஆட்டத்தைப் பாதித்துவிட்டேன், பல ராத்திரி தூங்கவில்லை, இன்னும் நன்றாகச் செய்திருக்கலாமே என்ற நினைப்போடுதான் கல்லறைக்குப் போவேன் என்றார். நாம் போனில் கைகொட்டிச் சிரித்தோம்; "நாலு வருஷம் லேட்டு" என்றாய். சான் ஹோசேயில் போலீஸ், தீயணைப்பு என்று வேலை பார்த்த மனுஷன். 2023இல் போய்விட்டார்.

முடிவு தப்புதான். அதில் நான் இறங்கிவர மாட்டேன். ஆனால் கோடு போட்ட சட்டைக்காரர்களோடும் ஆட வேண்டியிருக்கும் என்று தெரியாமல் போயிற்று என நம் கோச் ஹோம்கிரன் பேசியதை எத்தனை வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்போம்! இப்போது அந்தச் சட்டையைத் துவைத்துக் காயப்போடுவது நான்.

ரவி இதோடு போதும் என்கிறார். அவளோ அடுத்த சீசனுக்கும் பேர் கொடுத்துவிட்டாள். விடலாமா, வேண்டாமா என்று எனக்குப் புரியவில்லை. நீ சொன்னால் கேட்பாள், ஒரு தடவை பேசேன். ஸ்டீலர்ஸ் புராணம் மட்டும் வேண்டாம்.

பெரியம்மாவின் கண் ஆபரேஷன் தேதி முடிவானதும் சொல், நான் டிக்கெட் போட வேண்டும். அப்புறம், பூரி விஷயத்தைச் சீனுவிடம் சொன்னது சத்தியமாக நான் இல்லை.

உன்,
கலா