ரைசினா குன்றில் ரகசியம் ஏதுமில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

தில்லி ரைசினா குன்றில் உள்ள குடியரசுத் தலைவர் மாளிகையையும் அதன் அருகே உள்ள பழைய நாடாளுமன்றத்தையும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆவலோடு, இரண்டாம் முறை பென்சிலோடு. வட்டத்துக்குள் யந்திரம், தூண்களின் எண்ணிக்கையில் சூட்சுமக் கணக்கு, நட்சத்திரத்தில் ரகசியச் சங்கம் என்று கட்டுரையாளர் ஒரு துப்பறியும் கதையே எழுதிவிட்டார். அங்குள்ள தலைமைச் செயலகக் கட்டடங்களில் ஒன்றான வடக்கு பிளாக்கில் 19 ஆண்டுகள் கோப்பு நகர்த்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்தக் குன்றில் எதையும் யாரும் ஒளித்துவைக்கவில்லை. சொல்ல நினைத்ததையெல்லாம் கல்லில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். அதைப் படிக்காமல் போனது நம் குற்றம்.

முதலில் அந்த வட்டம். மத்தியப் பிரதேசத்து மித்தாவ்லியில் உள்ள 64 யோகினி கோயிலைப் பார்த்துத்தான் நாடாளுமன்றத்தை வடித்தார்கள் என்று கட்டுரை அடித்துச் சொல்கிறது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் தோற்ற ஒற்றுமை சான்றாகிவிடாது. புதுதில்லியின் முதல் வரைபடத்தில் அந்தக் கட்டடமே இல்லை. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் வந்து, மன்னர்கள் அவை, மேலவை, சட்டசபை என மூன்று அவைகளுக்கு இடம் தேவைப்பட்ட பிறகுதான் அதைப் பற்றி யோசித்தார்கள். புதுதில்லியை வடிவமைத்த இருவரில் ஒருவரான ஹெர்பர்ட் பேக்கர் முக்கோண மனைக்கு ஏற்றபடி மூன்று சிறகுகளாகக் கட்ட நினைத்தார். வட்டம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் இன்னொருவரான எட்வின் லட்யன்ஸ், மாளிகையை வடிவமைத்தவர். அவர் சொன்னதுதான் நடந்தது. 1921-இல் அடிக்கல் நாட்டி 1927-இல் திறந்தார்கள். வெளிச்சுற்றில் 144 தூண்கள். இரண்டு கட்டடக் கலைஞர்களின் பிடிவாதத்தில் பிறந்த வட்டத்துக்கு யோகினிகளைச் சாட்சிக்கு அழைப்பது அந்த அம்மன்களுக்கே அடுக்காது.

வட்டத்தில் வென்ற லட்யன்ஸ் சரிவில் தோற்றார். அந்தக் கதை கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய குறை. இந்தியா கேட்டிலிருந்து ரைசினாவை நோக்கி நடந்து பாருங்கள். தொலைவில் வைஸ்ராய் மாளிகை, அதாவது இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகை, குவிமாடமும் தூண்களுமாகக் கம்பீரமாகத் தெரியும். குன்றின் அடிவாரத்துச் சதுக்கமான விஜய் சவுக்கை நெருங்க நெருங்க அது மண்ணுக்குள் இறங்குவது போல் மறையும். கடைசியில் குவிமாடத்தின் தலை மட்டும் எட்டிப் பார்க்கும். சரிவேறி மேலே போனால்தான் மறுபடி முழு உருவம் காட்டும். தன் தலைமைச் செயலகக் கட்டடங்களும் குன்றின் உச்சியில்தான் இருக்க வேண்டும் என்று பேக்கர் கேட்டதால், மாளிகையைப் பின்னுக்குத் தள்ள வேண்டியதாயிற்று. வரைபடத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்திட்டவர் லட்யன்ஸ்தான். 1916-இல் விபரீதம் புரிந்து, சரிவை வெட்டித் திருத்தும்படி மன்றாடினார். முடியாது என்றுவிட்டார்கள். நெப்போலியனுக்கு வாட்டர்லூ, எனக்கு 'பேக்கர்லூ' என்று அவர் நொந்துகொண்டது கட்டடக்கலை வட்டாரத்தில் பழைய பேச்சு. நண்பர்களாக வந்த இருவரும் பல ஆண்டுகள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தொலைவில் நிற்பவனுக்கு மலை போலவும், கிட்டே போகிறவனுக்கு ஒன்றுமில்லாதது போலவும் தெரியும் அதிகாரம்! யாரும் திட்டமிடாமல் தவறிப்போய் அமைந்ததே அந்தக் குன்றில் மிகப் பொருத்தமான குறியீடு என்பேன். இதற்கு யந்திரம் எதற்கு?

திட்டமிட்டுச் செதுக்கிய குறியீடுகளும் உண்டு. மாளிகைத் தூண்களின் தலைப்பகுதியை அண்ணாந்து பார்த்தால் மூலைக்கு மூலை கல்மணிகள் தொங்கும். கர்நாடகத்து மூடபித்ரி சமணக் கோயிலிலிருந்து எடுத்த வடிவம் அது. மணி ஒலித்தால் அரசு கவிழும் என்று இந்தியர்கள் நம்புவதாக யாரோ சொல்ல, அடித்தாலும் ஒலிக்காத கல்லில் மணி செய்து மாட்டினார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, 1931 பிப்ரவரி 10-ஆம் தேதி புதிய தலைநகரின் திறப்பு விழா தொடங்கியது. அந்த ஒலிக்காத மணிகளைக் கடந்து அதே மாதம் 17-ஆம் தேதி காந்தி உள்ளே போனார், வைஸ்ராய் இர்வினோடு சமமாக உட்கார்ந்து பேசுவதற்கு. 'அரை நிர்வாணப் பக்கிரி' அரண்மனைப் படியேறுவதா என்று சர்ச்சில் கொதித்தது இதைக் கண்டுதான். கட்டியவர்கள் வீட்டுக்குப் பால் காய்ச்சி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

செயலகங்களுக்கு நடுவே நிற்கும் நான்கு செங்கல் நிறத் தூண்களைக் கட்டுரையாளர் 'நான்கு திசைக் காவலர்கள்' என்கிறார். ஐயா, அவை கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகள் கொடுத்த அன்பளிப்பு. உச்சியில் இருப்பது கப்பல். நீயும் ஒருநாள் எங்களைப் போல டொமினியன், அதாவது பேரரசுக்குள் தன்னாட்சி பெற்ற நாடு, ஆவாய் என்று இந்தியாவுக்குக் காட்டிய மிட்டாய். இர்வின் அந்த வாக்கை 1929 அக்டோபரில் கொடுத்தார். அதே டிசம்பரில் லாகூரில் காங்கிரஸ் முழு விடுதலையே வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டது. தூண்கள் திறந்துவைக்கப்பட்டபோது மிட்டாய் கரைந்துபோயிருந்தது.

இனி வடக்கு பிளாக் வாசகம். நுழைவாயிலுக்கு மேலே கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறார்கள். சுதந்திரம் ஒரு மக்கள் கூட்டத்திடம் தானாக இறங்கி வராது, மக்கள்தாம் அதை எட்டத் தங்களை உயர்த்திக்கொள்ள வேண்டும், அனுபவிக்கும் முன் ஈட்டிக்கொள்ள வேண்டிய பேறு அது என்பது அதன் பொருள். வேலையில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் அதன் கீழே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன், ஒரு நாளும் தலை நிமிர்ந்து படித்ததில்லை. ஒரு குரங்கு என் சாப்பாட்டுப் பையைப் பறித்துக்கொண்டு மேலே தாவியது. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தேடியபோதுதான் எழுத்து கண்ணில் பட்டது. (குரங்குகள் அங்கே எங்களைவிட மூத்த ஊழியர்கள்.) தயிர்சாதம் போனது பெரிதாகத் தெரியவில்லை. அடுத்தவன் நாட்டை எடுத்துக்கொண்டவன், அந்த நாட்டுக்காரனைப் பார்த்து 'உனக்கு இன்னும் தகுதி வரவில்லை' என்று அவன் வரிப்பணத்திலேயே கல்வெட்டு வைத்திருக்கிறானே என்று அன்று முழுதும் மனம் பொருமியது. விடுதலைக்குப் பிறகும் அதை யாரும் செதுக்கி எடுக்கவில்லை. எடுக்காததே நல்லது என்று வயதான பிறகு நினைக்கிறேன்.

குறியீடு என்றால் கட்டியவன் வைத்தது மட்டும்தானா? குடியேறியவன் வைத்ததும் உண்டு. 1948 ஜூனில் ராஜாஜி கவர்னர் ஜெனரலாக அந்த மாளிகைக்குள் போனார். 340 அறைகள். வைஸ்ராயின் படுக்கையறை தமக்கு ஒத்துவராது என்று விருந்தினர் பகுதியில் ஒரு சிறிய அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். பின்னால் வந்த குடியரசுத் தலைவர்களும் அந்தப் பகுதியிலேயே தங்கினார்கள். நாட்டில் உணவுத் தட்டுப்பாடு என்றபோது மாளிகை நிலத்தில் ஒரு பகுதியைக் கோதுமை வயலாக்கினார். சேலத்து வக்கீல் ஒருவர் இடம் மாறிப் படுத்ததில் அந்தக் கட்டடத்தின் அர்த்தமே மாறியது. தமிழ் இதழில் வந்த கட்டுரையில் அவர் பெயர்கூட இல்லாதது எனக்கு வியப்பு.

இந்தியா கேட்டுக்குப் பின்னால் உள்ள கல்மண்டபத்தையும் சேர்த்திருக்கலாம். மாமல்லபுரத்து மண்டபத்தின் சாயலில் அமைந்தது என்பார்கள். அதற்குள் 1936-இல் வைத்த ஐந்தாம் ஜார்ஜ் சிலையை 1968-இல் எடுத்தார்கள். 2022-இல் நேதாஜி வரும் வரை 54 ஆண்டுகள் அது வெறுமையாகவே இருந்தது. நேதாஜி வந்ததில் எனக்கு வருத்தம் கிடையாது. ஆனாலும் மாலை வேளையில் குல்பி தின்றபடி அந்தக் காலி மண்டபத்தைப் பார்த்த பழக்கத்தில் சொல்கிறேன், மன்னன் இல்லாத மண்டபத்தைப் போல மக்களாட்சிக்கு எடுப்பான சின்னம் அந்தச் சாலையில் வேறு இருந்ததில்லை.

வடக்கு, தெற்கு பிளாக்குகளைத் தேசிய அருங்காட்சியகமாக்கப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். அப்படி ஆகும்போது வாயில் வாசகத்துக்குக் கீழே ஒரு பலகை வைக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இன்னார் ஆட்சியில், இந்தக் காலத்தில், இந்த நாட்டு மக்களைப் பார்த்து எழுதியது இது என்று நம் மொழிகள் அனைத்திலும், தமிழிலும், இருந்தால் போதும். விளக்கவுரை வேண்டாம். உங்கள் இதழ் இதை எழுதினால் கேட்கக்கூடிய இடத்தில் கேட்கும்.

இன்னொரு சிறு திருத்தம். கட்டுரையோடு 'வடக்கு பிளாக்' என்று வெளியிட்ட படத்தில் இருப்பது தெற்கு பிளாக். விஜய் சவுக்கிலிருந்து மேற்கே பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் வருவது தெற்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர்,
ஸ்ரீரங்கம்