பேரனுக்கு எந்தக் காசு?

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து, கோயில் பிராகாரத்தை ஒரு சுற்று வர முடிகிறது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பர்மிங்காமில் குளிர் தொடங்கிவிட்டது.

பேரன் பழைய இங்கிலாந்துக் காசு சேர்க்க ஆசைப்படுகிறான், எதில் தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். என்னைக் கேட்டால் விக்டோரியா காலத்துப் பென்னிதான். சவரனெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தேய்ந்த பென்னி சில பவுண்டுக்கே கிடைக்கும். 1860-ல் வந்த வெண்கலப் பென்னி 1971 வரை ஜனங்கள் கையில் புழங்கியது. எத்தனை பேர் சட்டைப்பையில் கிடந்திருக்கும், நினைத்துப் பார்!

அந்த ராணி 1837-லிருந்து 1901 வரை ஆண்டாள். வில்லியம் வயன் செதுக்கிய இளம்பெண் முகம் ஷில்லிங் என்ற வெள்ளிக்காசில் சிறு மாற்றங்களோடு 1887 வரை நின்றது. அப்போது அவளுக்கு வயது 68! அந்த வருஷம் வந்த புது முகத்தில் கிரீடம் ரொம்பச் சின்னது, கீழே விழுந்துவிடும் போலிருக்கும், ஊரே சிரித்தது. அதே வருஷத்து ஆறு பென்ஸ் காசில் மதிப்பை எழுதாமல் விட்டதால், தங்க முலாம் பூசி அரைச் சவரன் தங்கக்காசு என்று சிலர் ஏமாற்றினார்கள். உடனே மாற்ற வேண்டியதாயிற்று. எனக்குப் பிடித்தது 1893-ல் தாமஸ் பிராக் செய்த முகம். முக்காடிட்ட, கன்னம் தளர்ந்த கிழவி. வயதை மறைக்காமல் காட்டிய காசு.

பென்னியின் பின்பக்கத்தை விளக்கொளியில் சாய்த்துப் பார்க்கச் சொல். பிரிட்டனையே பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா திரிசூலத்தோடு உட்கார்ந்திருப்பாள். இடப்புறம் கலங்கரை விளக்கம், வலப்புறம் கப்பல். 1895-ல் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். 1882 பென்னியில் வருஷத்துக்குக் கீழே சின்னதாக ஓர் 'எச்' இருக்கும்: எங்கள் ஊர் ஹீட்டன் ஆலையில் அடித்தது. காசு அடிக்கும் லண்டன் அக்கசாலையைப் புதுப்பித்துக்கொண்டிருந்த சமயம் அது. எழுத்தில்லாத 1882 மிக அபூர்வம். அதனாலேயே எழுத்தைச் சுரண்டிவிட்டு விற்பவர்களும் உண்டு. அவன் ஜாக்கிரதையாக இருக்கட்டும்.

என் மகள் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறாள். நாலைந்து பென்னி கொடுத்தனுப்புகிறேன். கறுத்துத்தான் இருக்கும். தயவுசெய்து புளி போட்டு விளக்கிவிடாதே; பளபளவென்று ஆனால் சேகரிப்பவர் யாரும் தொடமாட்டார்கள்.

அன்புடன்,
சரஸ்வதி