வரிசை பிடித்தவருக்கும் கஞ்சி கொண்டுவந்தவருக்கும்

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட மக்களுக்கும், என் மாணவர்களுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை பணி ஓய்வு விழாவில் என்னைப் பேசச் சொன்னபோது தொண்டை அடைத்துக்கொண்டது. இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். காற்பந்து, வலைப்பந்து, வலைக்கு மேல் பந்தைக் காலால் உதைத்து ஆடும் செப்பாக் தக்ராவ், ஓட்டம் என்று பிள்ளைகள் வாங்கிய கிண்ணங்களை மேசை நிறைய அடுக்கி வைத்திருந்தீர்கள். அவர்கள் அவற்றை வாங்கத் துணை நின்றவர்களில் பாதிப் பேர் மேடையிலும் இல்லை, மண்டபத்திலும் இல்லை. பொன்னாடை முழுவதும் என் தோளில் கிடந்தது. அன்று சொல்லாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கிராணி ஐயா. 1980 ஏப்ரல் 6ஆம் தேதி கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நம் மலேசியக் காற்பந்துக் குழு தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற ஆட்டம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் போகவில்லை என்பது வேறு வருத்தம். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் தொலைக்காட்சி இருந்த வீடுகள் குறைவு. ஐயா தம் வீட்டுப் பெட்டியைத் திண்ணைக்குத் தூக்கி வந்து வைத்தார். கோல் கம்பத்தில் ஆறுமுகம் நின்றார். நம்மைப் போல் ஒருவன் அங்கே நிற்கிறான் என்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த பையன்களில் நானும் ஒருவன். அந்தத் திண்ணை இல்லையென்றால் நான் பந்தைத் தொட்டிருப்பேனா என்று சொல்லத் தெரியவில்லை.

மாரியம்மன் கோயில் நிர்வாகத்தார் திருவிழாவில் மிஞ்சிய பணத்தில் எனக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள். வளரும் பையன் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கியதால், அம்மா முன்பக்கம் இலவம் பஞ்சு திணித்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக் குழுவில் ஆடினேன். பிறகு மலாயாப் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கும் குழுவில் இடம் பிடித்தேன். கடைசி ஆண்டில் முழங்கால் தசைநார் கிழிந்தது. ஆட்டம் முடிந்தது என்று நினைத்து ஆசிரியர் வேலைக்கு வந்தேன்.

வந்த பள்ளியில் திடல் இருந்தது, ஓடுதடம் இல்லை. 200 மீட்டர் தடம் போட இரண்டு பக்கமும் 50 மீட்டர் நேர்க்கோடும், இரண்டு முனையிலும் 15.9 மீட்டர் ஆரத்தில் அரைவட்டமும் வேண்டும். காகிதத்தில் கணக்கு சரியாக வந்தது. தரையில் இறங்கினால் கோடு கோணிக்கொண்டே போனது. மூன்று நாள் திண்டாடினேன். நான்காம் நாள் வேலியோரம் சைக்கிளை நிறுத்திவிட்டு ஒரு பெரியவர் வந்தார். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய் தரும் செம்பனை நட்ட காலத்தில் தோட்டத்தில் வரிசை பிடித்த மண்டோர் அவர், அதாவது வேலை மேற்பார்வையாளர். செம்பனையை முக்கோணமாக நடவேண்டும், மரத்துக்கு மரம் முப்பது அடி. குண்டும் குழியுமான காட்டில் ஆயிரக்கணக்கான முளைக்குச்சிகளை நேராக அடித்த கை அது. "கயிறு இழுக்க இழுக்க நீளும் சார், கம்பி கொண்டு வரேன்" என்றார். மறுநாள் கம்பியும் முளைகளும் கொண்டுவந்து நடுவில் ஓர் ஆணியை அடித்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் நடக்க நடக்க, பின்னாலேயே நான் சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக்கொண்டு போனேன். மாலைக்குள் தடம் முடிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு ஜனவரியும் கூப்பிடாமலே வந்து போட்டுக் கொடுத்தார், கண் மங்கும் வரைக்கும். ஒரு காசு வாங்கவில்லை. அவர் இப்போது இல்லை. அவர் பேரப்பிள்ளைகள் இதைப் படித்தால், உங்கள் தாத்தா போட்ட கோட்டில்தான் இந்த ஊர்ப் பிள்ளைகள் ஓடிப் பழகினார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது காற்பந்து மட்டும். மற்றதெல்லாம் பிறர் கொடுத்தது. செப்பாக் தக்ராவைக் கற்றுக் கொடுத்தவர் என் மலாய் ஆசிரியர் நண்பர். தக்ராவ் ஆடுகளமும் பூப்பந்து (பேட்மிண்டன்) ஆடுகளமும் ஒரே அளவு, 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். காசில்லாத பள்ளியில் ஒரே களத்தில் இரண்டு ஆட்டமும் நடந்தது அப்படித்தான். உள்பாதத்தால் பந்தை ஏந்தும் செப்பாக் சீலாவை எனக்கும் மாணவர்களுக்கும் சேர்த்துத் தம் கிராமத்துக் கம்போங் வீட்டு வாசலில் பழக்கினார். வலைப்பந்தின் விதிகளை ஒரு சீன ஆசிரியை பொறுமையாகச் சொல்லித் தந்தார். மூன்று விநாடிக்குள் பந்தைக் கைவிட வேண்டும் என்பதை நான் மறந்து மறந்து கேட்டபோதும் முகம் சுளிக்கவில்லை.

பெண் பிள்ளைகளை ஓட வைக்க வீடு வீடாக நடந்தேன். அரைக்கால் சட்டை என்றதும் பல வீடுகளில் கதவு சாத்தினார்கள். ஒரு வீட்டில் அப்பா முடியவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து ரப்பர் ஒட்டுப்பால் வாடை போகாத கையைத் துடைத்துக்கொண்டே பாட்டி வெளியே வந்தார். "நான் முப்பது வருஷம் விடியக்காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்கு ஓடினேன், அப்ப யாரும் தடுக்கலையே. ராஜாமணி ஓடலையா? இவ ஓடட்டும்" என்றார். 1966இல் நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது வாங்கிய எம். ராஜாமணியை அந்தப் பாட்டி மறக்கவில்லை. அந்தப் பேத்தி எங்கள் 4x100 மீட்டர் தொடர் ஓட்டக் குழுவில் கடைசி ஓட்டக்காரி ஆனாள். மாநிலப் போட்டி வரை போனாள். தைப்பூசத்துக்குக்கூட லீவு எடுக்காமல் பாட்டி வாளி நிறையக் கேழ்வரகுக் கஞ்சி தூக்கி வருவார், அவளுக்கு மட்டுமல்ல, எல்லாப் பிள்ளைகளுக்கும். பேத்தி இன்று ஆசிரியை. மாவட்டப் போட்டிகளில் அவள்தான் நேரம் எடுக்கிறாள்.

இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவத்துக்கு முன் ஓர் ஆண்டு படிக்கும் புகுமுக வகுப்புப் பிள்ளைகளைத் தனியே சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியில் உடன் படித்தவர்கள் முதலாம் படிவத்துக்குப் போக, ஓர் ஆண்டு பின்தங்கிவிட்டோம் என்று தலை குனிந்து வருவார்கள். பாதிப் பேர் மூன்றாம் படிவத்துக்கு முன்பே பள்ளியை விட்டு நின்றுவிடுவார்களோ என்று பயப்படுவேன். மாலைப் பயிற்சிக்கு ஆசைப்பட்டுக் காலையில் வகுப்புக்கு வந்தவர்கள் நீங்கள். என்னை நம்பி வந்ததற்கு நன்றி.

ஒரு தந்தைக்கு நான் பட்ட கடன் தீராது. மழை பெய்து திடல் வழுக்கிக் கிடந்த நாளில், மறுவாரம் போட்டி என்ற அவசரத்தில் பயிற்சியை நிறுத்தாமல் விட்டேன். அவர் மகன் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. தவறு முழுவதும் என்னுடையது. செம்பனைக் குலை வெட்டும் வேலையிலிருந்து சேற்றுக் காலணியோடு மருத்துவமனைக்கு ஓடி வந்தவர், மகனைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "சாப்பிட்டீங்களா சார்?" என்றார். அவ்வளவுதான். மறுமாதம் கட்டுப் பிரித்ததும் அவரே மகனைத் திடலில் கொண்டுவந்து விட்டார். அன்றிலிருந்து மழைத்தூறல் விழுந்தால் விசில் ஊதிவிடுவேன்.

தம் லாரியில் பிள்ளைகளை ஈப்போவுக்கு ஏற்றிப் போய் இரவு வீடு வீடாக இறக்கிவிட்ட அண்ணன், கடனுக்குக் காலுறை கொடுத்துவிட்டுக் கணக்கைக் கிழித்த சீனக் கடை முதலாளி தவுக்கே, சனிக்கிழமை என்றாலே கணவன் வீட்டில் இருக்கமாட்டான் என்று பழகிப்போன என் மனைவி, எல்லாருக்கும் கைகூப்புகிறேன்.

ஸ்டோர் சாவியைப் புதிய ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். விழாவில் நீங்கள் கொடுத்த பணமுடிப்பில் பூட்ஸ் வாங்கி வைத்திருக்கிறேன். வேண்டிய பிள்ளைகள் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து போட்டுப் பாருங்கள். சரியான அளவு இல்லையென்றால் கடையில் மாற்றித் தருகிறேன், பஞ்சு திணிக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் விளையாட்டு சார்
சுங்கை சிப்புட்