துப்பாக்கி வாங்கும் முன் – கயலுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். அன்றைக்கு நீ போனில் துப்பாக்கி விஷயத்தை எடுத்தபோது குட்டிப்பையன் உன் மடியில் இருந்தான். அதனால்தான் பேச்சை மாற்றினேன். அரைகுறையாகப் பேசிவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது. நிதானமாக எழுதுகிறேன், மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

உங்கள் தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீட்டில் திருட்டுப் போனதில் நீங்கள் ஆடிப்போயிருப்பது புரிகிறது. ஆனால் நீ சொன்னதை வைத்துப் பார்த்தால், இரண்டு வீட்டிலும் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள். டிவியைத் தொடவில்லை, லேப்டாப்பைத் தொடவில்லை, நகையை மட்டும் எடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் நம்மவர்கள் வீட்டில் தங்கம் இருக்கும் என்று தெரிந்தே வருகிற கும்பல்கள் உண்டு. ஆள் இல்லாத வீட்டைத் துப்பாக்கி காப்பாற்றாது, கண்ணில் படும்படி வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து களவு போகும். அதனால் முதல் வேலையாக உன் கல்யாண நகை எல்லாம் பேங்க் லாக்கருக்குப் போகட்டும். வாசல் கதவு, பின்பக்கக் கதவு இரண்டிலும் பூட்டு போய் உட்காருகிற தகட்டின் திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு அங்குலத்துக்குக் கிட்டதான் இருக்கும், ஒரு உதைக்குத் தாங்காது. 3 அங்குலத் திருகு போட்டால் உள்ளே இருக்கிற மரச்சட்டம் வரை போய்ப் பிடிக்கும். இதற்கு ஆகிற செலவு சில டாலர்கள்தான்.

அதற்குப் பிறகும் மிச்சம் இருப்பது, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ராத்திரி ஒருவன் உள்ளே வருவது. அதற்காகத்தான் துப்பாக்கி என்கிறீர்கள். சரி, அதைப் பேசுவோம்.

நீங்கள் இருவரும் கிரீன் கார்டு வாங்கியாகிவிட்டது, அதனால் வாங்கலாம். எச்-1பி விசாவில் இருந்த காலத்தில், வேட்டை உரிமம் மாதிரி சில விலக்குகள் தவிர, உங்களால் கையில் வைத்திருக்கக்கூட முடியாது. கடையில் 4473 என்ற படிவத்தில் விசா நிலையிலிருந்து எல்லாவற்றையும் கேட்பார்கள். பொய் எழுதினால் பெரிய குற்றம். கணினியில் பின்னணி சரிபார்ப்பார்கள், பெரும்பாலும் சில நிமிஷம்தான். நீங்கள் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்தில் காத்திருப்புக் காலமும் கிடையாது, துப்பாக்கியைப் பதிவு செய்வதும் கிடையாது. காலையில் கடைக்குப் போனால் மதியம் வீட்டில் துப்பாக்கி இருக்கும்.

எனக்கு இதுதான் கலக்கமாக இருக்கிறது. இங்கே லைசென்ஸ் கேட்டு ஒருவர் விண்ணப்பித்தால் போலீஸ்காரர்களான நாங்கள் ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்குப் போவோம். வீட்டில் சண்டை சச்சரவு உண்டா, குடிப்பாரா, எதற்குக் கேட்கிறார் என்று அக்கம்பக்கத்தில் கேட்டு எழுத வேண்டும். தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிப் போவார்கள். நீங்கள் வாங்கப்போகும் 9 எம்.எம். பிஸ்டல் இங்கே சாதாரண ஆளுக்குக் கிடைக்கவே கிடைக்காது. அங்கே யாரும் வீடு தேடி வந்து விசாரிக்க மாட்டார்கள் என்பதால், அந்த விசாரணையை நீங்களே ஒருவரை ஒருவர் உட்காரவைத்துச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் கேள்வி உனக்கு. உனக்கு இது வேண்டுமா? போனில் நீ சொன்னது, "எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா, அவர் பார்த்துக்குவார்." நான் இந்தக் கடிதத்தை எழுதுவதே அந்த ஒரு வரிக்காகத்தான். மாப்பிள்ளை மாதத்தில் பாதி நாள் வெளியூரில் இருக்கிறார். நீ பயப்படுகிற ராத்திரிகள் எல்லாம் அவர் இல்லாத ராத்திரிகள். அப்படியிருக்க, அவர் கைக்கு மட்டும் பொருந்துகிற, அவருக்கு மட்டும் தெரிந்த துப்பாக்கி வீட்டில் இருந்து என்ன பிரயோஜனம்? உனக்கு வேண்டாம் என்று மனசு சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு. மாப்பிள்ளை உன் பேச்சை மதிக்கிறவர், கேட்பார். வேண்டும் என்றால் அதைத் தேர்ந்தெடுப்பது உன் கையாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் இருவரில் சின்னக் கை உன்னுடையது. பெரிய கைக்காரர் சின்னத் துப்பாக்கியைச் சமாளித்துவிடுவார், சின்னக் கை பெரிய பிடியைச் சமாளிக்காது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்களுக்கென்று தனியாக எதுவும் கிடையாது, ஆண்களுக்கு என்னவோ அதுவேதான். 9 எம்.எம். பிஸ்டலின் பிடி எனக்குத் தடிமன். ட்ரிகரை எட்ட வேண்டுமென்றால் பிடியைக் கொஞ்சம் திருப்பிப் பிடித்தாக வேண்டும். திருப்பிப் பிடித்தால் குண்டு இடப்பக்கமாகவே போய் விழும். சொல்லிக்கொடுத்தவர் கவனம் போதாது என்று திட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் வேறொரு பெண் அதிகாரி வந்து என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார்.

அவர் காட்டியதை அப்படியே எழுதுகிறேன். காலித் துப்பாக்கியை, காலி என்று நீயே திறந்து பார்த்த பிறகு, வலது கையில் பிடி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதை, பிடியின் பின்பக்கம் எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே ஏற வேண்டும். கையை நீட்டிப் பார்த்தால் குழலும் உன் முன்னங்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அந்தக் கோடு கலையாமல் ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிகர் மேல் படிகிறதா என்று பார். நுனி மட்டும் தொட்டால் அந்தத் துப்பாக்கி உனக்குப் பெரிசு. இப்போது வருகிற பலவற்றில் பிடியின் பின்பக்கத்தை மாற்றிப் போட சின்னது பெரியது என்று தனித் துண்டுகள் கூடவே வருகின்றன, அவற்றையும் போட்டுக் காட்டச் சொல்லிக் கேள்.

நான் அங்கே வந்திருந்தபோது கடைக்கு ஒருநாள் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். விசிட்டர் விசாவில் வந்தவள் துப்பாக்கியைத் தொடுவது அந்த நாட்டுச் சட்டத்துக்கு ஆகாது. கவுன்ட்டரில் இருந்தவர் மாப்பிள்ளையிடம் நாலைந்து வகை காட்டிவிட்டு, உன்னிடம் நேராக ரோஜா நிறப் பிடி போட்ட குட்டி ரிவால்வரை எடுத்து வைத்தார். சின்னது, லேசானது, லேடீஸுக்கு ஏற்றது என்றார். தயவுசெய்து அதை வாங்காதே. துப்பாக்கி எவ்வளவு லேசோ, சுடும்போது அவ்வளவு பின்னுக்கு உதைக்கும். அந்த ரகத்தில் பெரும்பாலும் ஐந்தே தோட்டா, குழல் குட்டை, குறி பார்க்கிற முன்முனைக்கும் பின்முனைக்கும் நடுவில் இடைவெளியும் குறைவு, ட்ரிகர் கனம். ஒருமுறை ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகுகிற கூடத்தில், சுட்டால் மணிக்கட்டு வலித்து அடுத்த முறை போகவே தோன்றாது. பழகாமல் விட்ட துப்பாக்கி வீட்டில் இருப்பது இல்லாததைவிட மோசம். அது இடுப்பில் மறைத்து எடுத்துப் போகிறவர்களுக்காகச் செய்தது. உனக்கு வீட்டுப் பெட்டியில் இருக்கப்போகிறது, சின்னதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ரிவால்வர்தான் பிடிக்கிறது என்றால் 4 அங்குலக் குழல், முழு ஸ்டீல், .38 ஸ்பெஷல் தோட்டா போடுகிறதைப் பார். கனமாக இருக்கும், அந்தக் கனமே உதையை வாங்கிக்கொள்ளும்.

பிஸ்டல் என்றால் 9 எம்.எம். போதும். பெரிய குண்டுதான் ஆளை நிறுத்தும் என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் அதைவிடப் பருமனான .45 வாங்கச் சொல்வார்கள். எஃப்.பி.ஐ.யே 9 எம்.எம்.மைவிடப் பருமனான .40-ஐ விட்டுவிட்டு 9 எம்.எம்.முக்குத் திரும்பிவிட்டது. உதை குறைவு, இரண்டாவது குண்டும் குறியில் விழும், தோட்டா விலையும் கட்டுப்படி ஆவதால் நிறையப் பழகலாம். கிளாக் 19, அதைவிட ஒல்லியான 43எக்ஸ், ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈஸி, மூன்றையும் பிடித்துப் பார். ஈஸி என்பது ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகர்கிற பாகத்தை, இழுக்கச் சிரமப்படுகிறவர்களை நினைத்தே செய்தது. ஸ்லைடு இழுக்க வரவில்லை என்று உடனே கைவிட்டுவிடாதே. துப்பாக்கியை நெஞ்சுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, இடது கையால் ஸ்லைடை மேலிருந்து கவ்விப் பிடித்து, வலது கையால் பிடியை முன்னால் தள்ளு. இழுப்பதைவிடத் தள்ளுவதற்குத்தான் பலம் வரும். சுடும்போது மணிக்கட்டு தளர்ந்தால் காலித் தோட்டா வெளியே போகாமல் சிக்கும், அதையும் ரேஞ்சிலேயே அனுபவித்து, சரிசெய்யப் பழகிக்கொள். வாடகைக்குத் துப்பாக்கி தருகிற ரேஞ்ச் அங்கே நிறைய இருக்கின்றன. சுட்டுப் பார்க்காமல் எதையும் வாங்காதே.

இனி நான் முக்கியமாக நினைப்பதற்கு வருகிறேன். 1992 அக்டோபரில், உங்கள் பக்கத்து மாநிலமான லூசியானாவில், பேட்டன் ரூஜ் என்ற ஊரில் நடந்தது. யோஷிஹிரோ ஹட்டோரி என்று 16 வயது ஜப்பானியப் பையன், படிக்க வந்தவன். ஹாலோவீன் விருந்துக்குப் போகும்போது தான் தங்கியிருந்த வீட்டுப் பையனோடு சேர்ந்து தவறான வீட்டுக்குப் போய்விட்டான். அந்த வீட்டு அம்மா பக்கவாட்டுக் கதவைத் திறந்து பார்த்துப் பயந்து, சாத்திவிட்டு, புருஷனிடம் துப்பாக்கியை எடுக்கச் சொன்னார். அவர் ஏன் என்று கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். அசையாதே என்று ஆங்கிலத்தில் கத்தினார். விருந்துக்குத்தான் வந்தோம் என்றபடி முன்னால் வந்த பையனைச் சுட்டுவிட்டார். ஜூரி அவரைக் குற்றவாளி இல்லை என்று விட்டுவிட்டது. அப்புறம் சிவில் வழக்கில் ஆறரை லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது.

கயல், அந்தப் புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் பயந்தார், அந்தப் பயத்தை இன்னொருவர் அப்படியே வாங்கிக்கொண்டார். சாத்திய கதவு சாத்தியபடியே இருந்திருந்தால், அவசர போலீஸ் எண்ணான 911-ஐக் கூப்பிட்டிருந்தால், அந்தப் பிள்ளை பிழைத்திருப்பான். வீட்டுக்குள் வந்தவனைச் சுடுவதில் டெக்சாஸ் சட்டம் உங்களுக்கு நிறைய இடம் கொடுக்கிறது, 2007-ல் அதை இன்னும் விரிவாக்கினார்கள். ஆனால் உங்கள் வீட்டு வாசலில் ராத்திரி நிற்கக்கூடியவர்களில் வழி தவறிய பையனும் உண்டு, குடித்துவிட்டு வீடு மாறி வந்தவனும் உண்டு. அதனால் நீயும் மாப்பிள்ளையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டால் முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஒரே அறைக்கு. கதவைப் பூட்டு. ஒருவர் போனில் 911. ஒருவர் துப்பாக்கியோடு கட்டிலுக்குப் பின்னால், கதவைப் பார்த்தபடி. யாரும் வெளியே தேடிப் போகக் கூடாது. இருட்டு வீட்டில் ஆளைத் தேடுவது பயிற்சி பெற்ற போலீஸ்காரர்களே நான்கைந்து பேராகச் சேர்ந்து செய்கிற வேலை. தனி டார்ச் ஒன்று வேண்டும், யார் என்று பார்க்கத் துப்பாக்கியை நீட்டுகிற பழக்கமே வரக்கூடாது. மாப்பிள்ளை ஊரிலிருந்து ஒருநாள் முன்னதாகத் திரும்பினால், வாசலுக்கு வந்து போன் செய்து, நீ எடுத்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். இன்ப அதிர்ச்சி கொடுக்கிறேன் என்று ராத்திரியில் சத்தமில்லாமல் உள்ளே வருவது இனி அந்த வீட்டில் இல்லை.

அங்கத்திய சுவர் அரை அங்குல ஜிப்சம் பலகை, நடுவில் வெற்றிடம். 9 எம்.எம். குண்டு அப்படிப் பல சுவர்களைத் தாண்டிப் போகும். வீட்டில் வைக்க, முனையில் குழி உள்ள ஹாலோ பாயின்ட் தோட்டாதான் நல்லது, உடம்பில் பட்டால் விரிந்து அங்கேயே நிற்கப் பார்க்கும். ஆனால் சுவரில் பட்டால் முனையில் ஜிப்சம் அடைத்துக்கொண்டு அதுவும் தாண்டிவிடும். உன் அறைக் கதவுக்கு நேரே, ஹாலுக்கு அந்தப் பக்கம் குட்டியின் கட்டில் இருக்கிறது. கட்டிலை மாற்றிப் போடு.

பெட்டி இல்லாமல் துப்பாக்கி வீட்டுக்குள் வரக்கூடாது. கைரேகைப் பூட்டை நம்பாதே, ஈரக் கையில் திறக்காமல் போகலாம். பேட்டரி வேண்டாத பட்டன் பூட்டு வாங்கி, அலமாரிப் பலகையோடு போல்ட் போட்டு முடுக்கிவிடு. உயரமான அலமாரி, தலையணை அடி, டிராயர் எதுவும் பாதுகாப்பு இல்லை, ஐந்து வயசுப் பிள்ளை ஏறாத இடம் வீட்டில் கிடையாது. 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு எட்டும்படி விட்டுவைப்பது டெக்சாஸிலும் குற்றம்தான். பூட்டைத் திறக்கிற எண் உங்கள் இருவருக்கு மட்டும் தெரியட்டும். நானோ உன் மாமியாரோ வந்து தங்கும்போது எங்களிடமும் சொல்லாதே, விசிட்டர் விசாக்காரர்களுக்கு அது தெரிந்திருக்கவே வேண்டாம்.

இன்னொன்று, எழுதக் கை தயங்குகிறது, ஆனாலும் எழுதுகிறேன். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் தற்கொலை. கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2020-ல் வெளிவந்த ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த பெண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, வைத்திராத பெண்களைவிட 35 மடங்கு. தற்கொலை நடந்த வீடுகளுக்கு விசாரணைக்குப் போயிருக்கிறேன். பல வீடுகளில் அது ஒரு கெட்ட மணி நேரம், அவ்வளவுதான். அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது என்ன என்பதில்தான் உயிர் இருந்தது. குட்டி பிறந்த பிறகு நீ எவ்வளவு சோர்ந்துபோனாய் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கும் வேலை போன மாதங்களில் தூக்கம் இல்லாமல் இருந்தது தெரியும். அப்படி ஒரு காலம் மறுபடி வந்தால், யாருக்கு வந்தாலும், மற்றவர் ஒரு வார்த்தை கேட்காமல் துப்பாக்கியை வீட்டைவிட்டு வெளியேற்ற வேண்டும். எண்ணை மாற்றுவது போதாது. நம்பிக்கையானவரிடம் கொடுத்துவைக்க வழி உண்டா என்று ரேஞ்சில் இப்போதே விசாரித்து வை. இதற்கு இருவரும் சம்மதித்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும் என்பது என் நிபந்தனை.

சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போகிறீர்கள் என்றாய். பயிற்சியாளரை முதலில் உனக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல், மாப்பிள்ளை பின்னால் நிற்கட்டும். காதுக்கு மேலே போடுகிற மஃப் மட்டும் போதாது, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கிற பிளக்கும் வைத்துக்கொள். எது கைக்கு உட்கார்ந்தது, ஸ்லைடு வந்ததா, உதை தாங்க முடிந்ததா என்று எனக்கு எழுது. எதுவும் பிடிக்கவில்லை, வேண்டாம் என்று தோன்றினாலும் எழுது. குட்டிக்கு முத்தம், மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள்.

அன்புடன்,
அம்மா