ஹாக்கிக் கழக நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்: கவசங்கள் உலர ஓர் இடம் வேண்டும்

ஹாக்கிக் கழகங்களின் நிர்வாகிகளுக்கும், பயிற்சியாளர்களுக்கும், ஆட்டக் கருவிகளை வைக்கும் கிட் அறையின் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

கழகத்தின் கிட் அறையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் கோல்கீப்பர் கவசங்களின் நாற்றத்தைப் பற்றி உங்களுக்கு எழுதுகிறேன். ஹாக்கி ஆடுகிறவர்களின் பை நாறத்தான் செய்யும் என்று பலரும் இதைச் சகித்துப் பழகிவிட்டார்கள். சொந்தப் பையாக இருந்தால் அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள். கோல்கீப்பர் கவசமோ விலை அதிகமானது என்பதால், பல இடங்களில் அது கழகத்தின் உடைமையாகவே இருக்கிறது. ஒருவர் கழற்றியதும் இன்னொருவர் மாட்டிக்கொள்கிறார். முந்தைய மாலை பெரியவர் ஒருவர் ஆடிவிட்டுப் போட்ட கையுறைக்குள், மறுநாள் காலையில் ஒரு சிறு பிள்ளை விரலை நுழைக்கிறது. உள்துணியின் சில்லென்ற ஈரம் பட்டதும் முகத்தைச் சுளித்துக் கையை வெளியே எடுக்கிறது. வேறு கையுறை இல்லை என்று தெரிந்ததும் பேசாமல் மறுபடி நுழைத்துக்கொள்கிறது. கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி தரும் எவரும் இதைப் பார்த்திருப்பார்கள். அந்த ஈரத்துக்குக் கழகம்தான் பொறுப்பேற்க வேண்டும் என்பதே என் வாதம்.

நாற்றத்துக்கு வியர்வை காரணம் என்று சொல்வது பாதிதான் சரி. உடல் முழுவதும் சுரக்கும் வியர்வையில் ஏறக்குறைய 99 விழுக்காடு தண்ணீர். சுரக்கும் நேரத்தில் அதற்குச் சொல்லும்படியான வாடை எதுவும் கிடையாது. நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ், கோரினிபாக்டீரியம் போன்ற பாக்டீரியாக்கள், வியர்வையோடு சேர்ந்து துணியில் ஒட்டும் எண்ணெய்ப் பசையையும் உதிர்ந்த தோல் செதில்களையும் சிதைக்கும்போது உண்டாகும் கொழுப்பு அமிலங்களும் கந்தகச் சேர்மங்களும்தான் நாறுகின்றன. காலுறையிலும் கையுறையிலும் வரும் அந்தப் புளித்த வாடைக்கு ஐசோவலேரிக் அமிலம் ஒரு முக்கியக் காரணம். துணியின் இழைக்கும் இதில் பங்கு உண்டு. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உடற்பயிற்சிக்குப் பிறகு பருத்திச் சட்டைகளைவிடப் பாலியஸ்டர் சட்டைகளே கூடுதலாக நாறின. நாற்றத்தோடு தொடர்புடைய மைக்ரோகாக்கஸ் வகைப் பாக்டீரியாக்கள் பாலியஸ்டரில் செழித்து வளர்ந்திருந்தன. கவசங்களின் உள்துணி பெரும்பாலும் அத்தகைய செயற்கை இழைதான்.

பாக்டீரியாவுக்கு உணவும் வெப்பமும் கிடைத்தால் மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். மூன்றும் சேர்ந்தால் சில வகைகள் அரை மணி நேரத்துக்குள்ளாகவே இரட்டிப்பாகிவிடும். ஜிப் போட்டு மூடிய கிட் பைக்குள் இந்த மூன்றும் ஒருசேரக் கிடைக்கின்றன. கோல்கீப்பருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தண்ணீர் பாய்ச்சிய டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்தரையில், அவர் படுத்தும் சறுக்கியும் பந்தைத் தடுப்பதால், உள்ளே வியர்வையிலும் வெளியே மைதானத்துத் தண்ணீரிலும் கவசம் நனைந்துவிடுகிறது. அதை அப்படியே பைக்குள் திணித்து, காற்று புகாத அறையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டு நாள் கழித்துத் திறந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் திறக்க வேண்டியிருக்கும். அதற்காக ஆட்டக்காரரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பெரும்பாலான கழகங்கள் இதற்குக் கண்டிருக்கும் தீர்வு ஒரு வாசனை ஸ்பிரே. தயவுசெய்து அதற்குப் பணம் செலவிடுவதை நிறுத்துங்கள். வாசனைத் திரவம் நாற்றத்தின் மேல் ஒரு போர்வையைப் போர்த்துகிறதே தவிர, அழுக்கையோ ஈரத்தையோ எடுப்பதில்லை. ஏற்கெனவே நனைந்திருக்கும் துணியை இன்னும் கொஞ்சம் நனைக்கவும் செய்கிறது. கையுறையை ஃப்ரீசருக்குள் வைத்தால் பாக்டீரியா செத்துவிடும் என்றும் சிலர் நம்புகிறார்கள். குளிரில் அவற்றில் பெரும்பாலானவை சாவதில்லை, வளராமல் அடங்கிக் கிடக்கின்றன. கையின் சூடு பட்டதும் மறுபடி தொடங்கிவிடுகின்றன.

ஆகவே முதலில் கேட்பது உலர்த்தும் இடம். ஆட்டம் முடிந்தவுடன், பேச்சும் படம் எடுப்பதும் தொடங்குவதற்கு முன்பே, கவசங்கள் பையிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும். மார்புக் கவசத்தையும் தோள் கவசத்தையும் அகலமான ஹேங்கரில் தொங்கவிடலாம். கையுறைகளைக் கை நுழையும் வாய் காற்றை நோக்கித் திறந்திருக்கும்படி முளைகளில் செருகி வைக்கலாம். விரல் நுனிகள்தான் கடைசியில் உலரும் என்பதால், விரலை விட்டுப் பார்த்து ஈரம் இல்லை என்று உறுதி செய்த பிறகே எடுத்து வைக்க வேண்டும். கால் பேடுகளைச் சுவரில் சாய்க்கும்போது காலில் படும் உட்புறம் வெளியே தெரியும்படி நிறுத்த வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உலர வேண்டிய பக்கம் சுவரோடு ஒட்டி, நாள் முழுக்கப் புழுங்குகிறது. ஷூக்களின் உள்தகட்டை வெளியே எடுத்துவிட்டு, உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்தால் அது ஈரத்தை உறிஞ்சும். தாள் நனைந்ததும் மாற்ற வேண்டும். இவை எல்லாவற்றின் மேலும் படும்படி ஒரு மின்விசிறி சுழன்றால் போதும், சூடான காற்று தேவையில்லை. ஹீட்டருக்கு அருகில் வைத்தால் ஃபோமும் அதை ஒட்டிய பசையும் கெடும், கையுறையில் தோல் இருந்தால் அது விறைத்துப்போகும். வெயிலும் அளவோடுதான். துணிப் பகுதிகளைச் சற்று நேரம் வெயிலில் காட்டுவது நல்லது. பாலிகார்பனேட் என்ற கடினப் பிளாஸ்டிக்கால் ஆன முகக் கவசத்தையும் ஹெல்மெட்டின் வெளிக்கூட்டையும் நாள்தோறும் வெயிலில் காயவிட்டால், புற ஊதாக் கதிர்கள் பட்டுப் பட்டு அந்தப் பொருள் மஞ்சளித்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அடிபடும் நாளில் காப்பாற்ற வேண்டிய பொருளை நாமே பலவீனப்படுத்தக் கூடாது.

மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் ஓர் இரவில் உலராது. அப்போது ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று அந்த அறையில் ஓடுவது, கழகம் வாங்கும் பல பொருள்களைவிடப் பயனுள்ளதாக இருக்கும்.

அடுத்தது கழுவுவது. உலர்த்துவதை ஒழுங்காகச் செய்தால் கழுவும் தேவை குறையும், ஆனால் இல்லாமல் போகாது. துணியில் சேர்ந்த உப்பையும் எண்ணெயையும் காற்று எடுத்துக்கொண்டு போய்விடாது. தயாரிப்பாளரின் குறிப்புச் சீட்டில் தடை இல்லையென்றால், ஷின் பேட், முழங்கைக் கவசம், மார்புக் கவசம், திணிப்பு வைத்த கால்சட்டை, தொண்டைக் கவசம் ஆகியவற்றை முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷினில், குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில், மென்மையான சுழற்சியில் துவைக்கலாம். மேலே திறக்கும் மெஷின்களில் நடுவே நின்று திருகும் தண்டு, பட்டைகளை முறுக்கித் தையலைப் பிய்த்துவிடும். அந்த வகைதான் இருக்கிறது என்றால் பெரிய தொட்டியில் ஊறவைத்துக் கையால் அழுத்தித் துவைப்பதே மேல். கழற்றக்கூடிய பிளாஸ்டிக் பகுதிகளைக் கழற்றிவிட்டு, வெல்க்ரோ பட்டைகளை ஒட்டி மூடிய பிறகே தண்ணீரில் போட வேண்டும், இல்லையென்றால் அவை பக்கத்துத் துணியைக் கவ்வி இழையைக் கிழிக்கும். புரதத்தையும் கொழுப்பையும் சிதைக்கும் நொதிகள் கலந்த சோப்புத்தூள் இதற்கு ஏற்றது. துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சேர்க்கவே கூடாது. அது இழையின் மேல் ஒரு படலமாகப் படிந்து, அடுத்த முறை சோப்பும் தண்ணீரும் உள்ளே போவதைத் தடுக்கிறது. முடிந்ததும் முறுக்கிப் பிழியாமல், அழுத்தி நீரை எடுத்துவிட்டு உடனே உலர வைக்க வேண்டும். கழுவிவிட்டு அரைகுறை ஈரத்தோடு பைக்குள் போடுவதைவிடக் கழுவாமலே இருந்திருக்கலாம்.

கோல்கீப்பரின் கால் பேடும், ஷூவின் மேல் மாட்டும் கிக்கர் என்ற பாதக் கவசமும் அடர்த்தியான ஃபோமால் ஆனவை. அவை பஞ்சு போலத் தண்ணீரை உள்வாங்குவதில்லை என்பதால், சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து எடுத்தால் பெரும்பாலும் போதும். பட்டைகளையும் காலோடு ஒட்டும் பகுதிகளையும் மட்டும் தூரிகையால் தேய்க்க வேண்டும். ஹெல்மெட்டின் உள்பஞ்சைக் கழற்ற முடிந்தால் கழற்றிக் கையால் துவைக்கலாம். வெளிக்கூட்டுக்கு மென்மையான சோப்பும் தண்ணீரும் தவிர வேறெதுவும் வேண்டாம். தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் போன்றவை பாலிகார்பனேட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கக்கூடும்.

வினிகரையும் சமையல் சோடாவையும் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டும் பயன்படும், ஆனால் தனித்தனியாக. ஒன்றாகக் கலந்தால் நுரை பொங்கும். ஒன்றை மற்றது சமன்செய்துவிடுவதால் இரண்டின் பயனும் போய்விடும். சமையல் சோடா அமில வாடைகளை மட்டுப்படுத்தும் என்பதால், உலர்ந்த ஷூவிலோ கையுறையிலோ தூவி ஓர் இரவு விட்டு உதறிவிடலாம். வெள்ளை வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து துணிப் பகுதிகளில் தெளிக்கலாம், அல்லது ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு கோப்பை சேர்க்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கையைக் கிட் அறைக் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டும்படி வேண்டுகிறேன்: பிளீச்சும் வினிகரும் ஒருபோதும் சேரக் கூடாது. அந்தக் கலவையிலிருந்து குளோரின் வாயு வெளியேறும். சன்னல் இல்லாத சிறிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. பிளீச் எப்படியும் எலாஸ்டிக்கையும் ஃபோமையும் அரிக்கும் என்பதால் கவசங்களுக்கு அது தேவையே இல்லை. கவசங்களை உள்ளே வைத்து ஓசோன் வாயுவைச் செலுத்தும் ஓசோன் பெட்டிகள் வாடையைக் குறைப்பது உண்மை. ஆனால் ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு, ரப்பரையும் காலப்போக்கில் வெடிக்கச் செய்யும், படிந்த அழுக்கை எடுப்பதும் இல்லை. உலர்த்தும் இடமே இல்லாத கழகம் முதலில் அந்தப் பெட்டிக்குப் பணம் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இது மூக்கோடு முடிகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். அமெரிக்கக் கால்பந்தின் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியில் 2003ஆம் ஆண்டுப் பருவத்தில், 58 ஆட்டக்காரர்களில் ஐந்து பேருக்கு மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத ஸ்டெஃபைலோகாக்கஸ் தொற்று ஏற்பட்டது. அதை ஆராய்ந்து 2005இல் வெளியான மருத்துவக் கட்டுரை, செயற்கைப் புல்தரையில் உராய்ந்து தோல் வழன்ற இடங்களில்தான் தொற்று தொடங்கியதென்றும், துண்டுகளைப் பகிர்ந்துகொண்டது போன்ற பழக்கங்கள் அங்கே இருந்தன என்றும் பதிவு செய்தது. நம் ஆட்டக்காரர்களின் முழங்கால்களைப் பாருங்கள். டர்ஃப் உராய்ந்த புண் இல்லாத முழங்கால் அரிது. அந்தப் புண்ணின் மேல்தான் நேற்று வேறொருவர் அணிந்த ஈரக் கவசம் உட்காருகிறது. இந்தப் பாக்டீரியா துணியிலும் பிளாஸ்டிக்கிலும் நாட்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்றுகளுக்கும் இதே வழி திறந்திருக்கிறது.

பனி ஹாக்கியில் ஆட்டக்காரர்கள் அனைவருமே உடல் முழுக்கக் கவசம் அணிகிறார்கள். 1970களில் அங்கே பலரை வாட்டிய ஒரு தோல் அழற்சிக்கு ‘கங்க்’ என்று பெயரே வைத்திருந்தார்கள். மினசோட்டா நார்த் ஸ்டார்ஸ் அணியின் டாம் ரீட் அதனால் 1978இல் ஆட்டத்தையே விட நேர்ந்தது. அதை முழுவதும் அழுக்கின் தலையில் கட்டுவது நியாயமாகாது, கவசங்களில் உள்ள இரசாயனங்கள் மீதும் சந்தேகம் இருந்தது. ஆனாலும் கவசத்துக்கும் தோலுக்கும் இடையே நடப்பது அற்பமான விஷயமல்ல என்பதற்கு அது சான்று. தோலுக்கும் கவசத்துக்கும் நடுவே முழுக்கை, முழுக்கால் உள்ளாடை ஒன்றை எல்லாக் கோல்கீப்பர்களும் அணிவதைக் கட்டாயமாக்குங்கள். வியர்வையின் பெரும்பகுதியை அது ஏற்றுக்கொள்ளும். வீட்டில் அன்றன்றைக்கே துவைத்துவிடலாம்.

பெனால்டி கார்னரின்போது, அதாவது தடுக்கும் அணியின் தவறுக்காக எதிரணிக்குக் கோலடிக்கத் தரப்படும் வாய்ப்பின்போது, அணியும் முகக் கவசங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். தடுப்பாளர்கள் அவசரமாக மாட்டி, ஓடித் தடுத்து, கழற்றிக் கோல் வலைப் பக்கம் எறியும் அந்தக் கவசங்களை அடுத்த கார்னருக்கு வேறொருவர் எடுத்து மாட்டுகிறார். மூச்சும் எச்சிலும் வியர்வையும் பட்ட உட்புறம் அப்படியே அடுத்தவர் முகத்தில் ஒட்டுகிறது. ஒவ்வொரு தடுப்பாளருக்கும் ஒரு கவசம் என்று எண் எழுதிக் கொடுங்கள். அதற்கு வழியில்லாத இடத்தில், இடைவேளைகளில் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியாலும் அடுத்து உலர்ந்த துணியாலும் துடைக்கும் வேலையை மாற்று ஆட்டக்காரர்களில் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் புதிய கவசங்கள் வாங்கும் பேச்சு வரும்போது, அதற்கு முன்பாக நான்கு கோரிக்கைகளைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். கிட் அறையின் ஒரு சுவரையாவது முளைகளும் கம்பியும் மின்விசிறியும் கொண்ட உலர்த்தும் சுவராக மாற்றுங்கள். பயிற்சி அட்டவணையின் கடைசிப் பத்து நிமிடத்தைக் கவசங்களைத் தொங்கவிடுவதற்கென்றே ஒதுக்குங்கள். அதை ஆட்டக்காரர்களின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிட்டால் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் யாரும் செய்ய மாட்டார்கள். துவைப்பதற்கு ஒரு முறைவரிசையும் ஒரு பொறுப்பாளரும் இருக்கட்டும், அந்த வேலை இளைய பிள்ளைகளின் தலையில் மட்டும் விழாதிருக்கட்டும். காலையில் ஓர் அணி, மாலையில் ஓர் அணி என்று ஒரே கையுறையைப் பயன்படுத்தும் நிலை இருந்தால், வாங்கப்போகும் புதிய பொருள்களில் முதலாவதாக இன்னொரு ஜோடிக் கையுறையை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று உலரும் நேரத்தில் மற்றொன்று ஆட்டத்தில் இருக்கும்.

இவற்றில் எது முடியும், எது முடியாது என்று கூட்டத்துக்குப் பின் ஆட்டக்காரர்களுக்கும் பெற்றோருக்கும் எழுத்தில் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். உலர்த்தும் சுவரை அமைக்க ஆள் வேண்டுமென்றால் நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி அளிக்கும் ஒருவன்